மார்ஃபியிலிருந்து மாட்டுங்கா வரை எத்தனை ஆட்டம்?

மும்பையின் செம்பூரில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதில். அவருடைய 10 வயது மகள் மாட்டுங்காவில் நடந்த ஒரு ராபிட் ஓபனில், அதாவது எல்லா வயதினரும் சேர்ந்து ஆடும் வேக செஸ் போட்டியில், 70 வயதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் தோற்றாள். கை கொடுக்கும்போது அவர், “நான் மானுவல் ஆரோனோட டோர்னமென்ட்ல ஆடித் தோத்தவன்மா. இப்ப நீயும் அந்த வரிசையில வந்துட்டே” என்றாராம். அந்தத் தாய் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்ததில், இன்றைய செஸ் ஆட்டக்காரர் யாரையும் 19ஆம் நூற்றாண்டின் பால் மார்ஃபியோடு ஐந்தாறு ஆட்டங்களில் இணைத்துவிடலாம் என்று எங்கோ படித்திருக்கிறார். அது உண்மையா, மகளுக்கு எத்தனை படி, அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. தோற்ற குழந்தையின் முகம் வாடாமல் இருக்க அந்தப் பெரியவர் ஏதோ சொன்னாரா, அல்லது நிஜமாகவே அவள் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாரா என்பதுதான் அது.

மும்பையில் 28 வருடமாக ஆர்பிட்டராக, அதாவது செஸ் நடுவராக இருக்கிறேன். யாரோடு யார் என்று பேரிங் போட்டு, கிளாக் வைத்து, நகர்வுகளை எழுதிய ஸ்கோர் ஷீட் வாங்கி அடுக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: நிஜமாகவே கொடுத்திருக்கிறார். எது உறுதி, எது சந்தேகம் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1837இல் பிறந்தவர் மார்ஃபி. 20 வயதில் அமெரிக்காவை ஜெயித்தார், 21 வயதில் ஐரோப்பாவை ஜெயித்தார், அதன் பிறகு ஆட்டத்தையே ஏறக்குறைய விட்டுவிட்டார். அவரோடு நேரில் ஆடியவர்களுக்கு மார்ஃபி எண் 1. அவர்களோடு ஆடியவர்களுக்கு 2. இப்படியே போகும். ஜெயித்தாலும் தோற்றாலும் எதிரே உட்கார்ந்து ஆடியிருந்தால் போதும்.

அந்தப் பெரியவர் சொன்ன ஆரோனிலிருந்தே பின்னால் போவோம். மானுவல் ஆரோன் 1935இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர், ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1960இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஒலிம்பியாடில் அவர் ஹாலந்தின் மாக்ஸ் யூவேயோடு ஆடி ஜெயித்தார். யூவே முன்னாள் உலக சாம்பியன், 1935இல் அப்போதைய சாம்பியன் அலெகினை வீழ்த்தியவர். அந்த யூவே 1923இல், இன்று செக் நாட்டில் இருக்கும் ஆஸ்ட்ராவாவில் நடந்த டோர்னமென்டில் ஜெர்மனியின் டாக்டர் டாரஷோடு ஆடினார். டாரஷ் 1889இல் பிரெஸ்லாவ் டோர்னமென்டில் லூயிஸ் பவுல்சனோடு ஆடினார். பவுல்சன் 1857இல் நியூயார்க்கில் நடந்த முதல் அமெரிக்க காங்கிரஸின் இறுதிச் சுற்றில் மார்ஃபியிடம் தோற்றவர். ஆக பவுல்சன் 1, டாரஷ் 2, யூவே 3, ஆரோன் 4. பெரியவர் சொன்னது சரியென்றால் அவர் 5, உங்கள் மகள் 6.

நியூயார்க்கிலிருந்து லைப்சிக் வரையிலான நாலு ஆட்டங்களும் கடையிலோ கிளப்பிலோ பொழுதுபோக்குக்கு ஆடியவை அல்ல. நாலும் முறையான போட்டி ஆட்டங்கள். 1857, 1889, 1923, 1960 என்று வருடங்களை எழுதி, பக்கத்தில் வயதையும் எழுதிப் பாருங்கள். மார்ஃபிக்கு 20, பவுல்சனுக்கு 24. பிரெஸ்லாவில் பவுல்சனுக்கு 56, டாரஷுக்கு 27. ஆஸ்ட்ராவாவில் டாரஷுக்கு 61, யூவேக்கு 22. லைப்சிக்கில் யூவேக்கு 59, ஆரோனுக்கு 24. முதல் படியைத் தவிர ஒவ்வொரு படியிலும் அறுபதை ஒட்டிய ஒருவர் இருபதுகளில் இருக்கும் ஒருவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். மாட்டுங்கா ஹாலில் நடந்ததும் அதேதான். வயது வித்தியாசம் மட்டும் இன்னும் பெரியது.

இந்த விஷயத்தில் பலருக்கும் பிடிபடாமல் போகும் இடம் இதுதான். ஆறு படிக்குள் உலகத்தையே இணைக்கலாம் என்று கேட்டதும், ஆளுக்கு ஆள் பெருகும் கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். அது தவறில்லை. ஒரு ஓபனில் 9 ரவுண்டு, வருடத்துக்கு 6 டோர்னமென்ட் என்று வைத்தால் 54 ஆட்டம். பத்து வருடத்தில் 540. பாதி ஆட்டங்கள் அதே ஆட்களோடுதான் என்று கழித்தாலும் 270 பேர் தேறுவார்கள். அந்த 270 பேருக்கும் தலைக்கு 270 என்று போனால் இரண்டாவது படியிலேயே பல ஆயிரம் வந்துவிடும். இன்று உயிரோடு இருப்பவர்களுக்குள் சங்கிலி கட்ட இந்தப் பெருக்கம் போதும். காலத்தைத் தாண்ட இது உதவாது. தாதரில் ஆயிரம் பேரோடு ஆடியிருந்தாலும் 1889க்குப் போக முடியாது. அதற்கு, முந்தைய தலைமுறையில் ஒருவர் வயதான பிறகும் போர்டை மடித்து வைக்காமல் இருந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் நிறுத்திக்கொண்டால் அவரோடு ஒரு வழி அடைபட்டுப் போகிறது.

இன்னொரு வழியையும் சொல்கிறேன். ஹென்றி பேர்ட் என்ற ஆங்கிலேயர் 1858இல் லண்டனில் மார்ஃபியோடு ஆடினார். அவரே 1890இல், அறுபதை ஒட்டிய வயதில், 21 வயது இமானுவேல் லாஸ்கரோடு ஒரு மேட்ச் ஆடித் தோற்றார். லாஸ்கர் 27 வருடம் உலக சாம்பியனாக இருந்துவிட்டு, 66 வயதில் 1935 மாஸ்கோ டோர்னமென்டில் பிற்காலத்தில் உலக சாம்பியனான 23 வயது போட்வின்னிக்கோடு ஆடினார். போட்வின்னிக்கோடு 1952 சோவியத் சாம்பியன்ஷிப்பில் ஆடியவர் கோர்ச்னாய். அந்த கோர்ச்னாய் 73 வயதில், 2004இல் நார்வேயின் டிராமன் நகரத்தில் 14 வயது மாக்னஸ் கார்ல்சனோடு ஆடி அவரை ஜெயித்தார். இந்தக் கணக்கில் லாஸ்கர் 2, போட்வின்னிக் 3, கோர்ச்னாய் 4, கார்ல்சன் 5. 2025இல் நார்வே செஸ்ஸில் கார்ல்சனை ஜெயித்த நம் குகேஷுக்கு 6. உலக சாம்பியன் குகேஷுக்கும் செம்பூர் குழந்தைக்கும் ஒரே எண் வருகிறது. அவளிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம். கூடவே, இந்த எண் ஆட்டத்தின் பலத்தை அளப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். ரேட்டிங் வேறு, இது வேறு.

சரி, சந்தேகமான பக்கத்துக்கு வருவோம்.

முதலாவது, இந்த எண்கள் எல்லாமே அதிகபட்சம். 6 என்றால் ஆறுக்கு மேல் போகாது என்றுதான் பொருள். குறையலாம். எழுதி வைக்காத ஆட்டங்கள் உலகத்தில் எழுதியவற்றைவிடப் பல மடங்கு அதிகம். எங்கோ ஒரு ரயில் பயணத்தில், ஒரு ஹோட்டல் லாபியில் இரண்டு பேர் ஆடிய ஒரு ஆட்டம் எண்ணையே மாற்றிவிடும். “என் எண் மிகச் சரியாக 5” என்று யாராவது சொன்னால் நான் ஏற்பதில்லை.

இரண்டாவது, எதை ஆட்டம் என்று ஒப்புக்கொள்வது? பவுல்சன் வழியும் பேர்ட் வழியும் ஒரே தரம் அல்ல. பேர்ட் மார்ஃபியோடு ஆடியவை கிளாக் இல்லாத நட்பு ஆட்டங்கள். இதை வைத்து பேர்ட் வழியைத் தள்ளுகிறவர்கள் உண்டு. நான் தள்ளமாட்டேன். மார்ஃபி தன் வாழ்நாளில் ஆடிய டோர்னமென்ட் என்றால் அந்த 1857 நியூயார்க் ஒன்றுதான். ஐரோப்பாவில் லோவந்தால், ஹார்விட்ஸ், ஆண்டர்சன் போன்றவர்களோடு மேட்ச் ஆடினார். மற்றபடி அவர் பெயரில் நிற்பவற்றில் பெரும்பகுதி நட்பு ஆட்டங்கள், குதிரையையோ சிப்பாயையோ விட்டுக்கொடுத்து ஆடியவை, கண்ணைக் கட்டிக்கொண்டது போல போர்டைப் பார்க்காமலே ஒரே நேரத்தில் எட்டுப் பேரோடு ஆடியவை. இவற்றை எல்லாம் கழித்துவிட்டால் மார்ஃபியே பாதி காணாமல் போய்விடுவார். அதனால் என் வழக்கம் இது: முறையான போட்டி ஆட்டம் என்றால் முழு எண். சைமல் (ஒருவரே ஒரே நேரத்தில் பலரோடு ஆடுவது), விட்டுக்கொடுத்த ஆட்டம், நட்பு ஆட்டம் என்றால் எண்ணோடு ஒரு நட்சத்திரக் குறி. ராபிட், அதைவிட வேகமான பிளிட்ஸ் போட்டிகளில் ஆர்பிட்டர் இருக்கிறார், முடிவு பதிவாகிறது; அதனால் குறி வேண்டாம். இன்டர்நெட் ஆட்டங்களை நான் சேர்ப்பதில்லை. அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நம்மால் பார்க்க முடியாது. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறைய உண்டு, குறிப்பாக இளம் பயிற்சியாளர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது சந்தேகம் நம் ஊர் சம்பந்தப்பட்டது. ஐரோப்பாவில் 1851 டோர்னமென்டின் ஆட்டங்கள்கூடப் புத்தகமாக இருக்கின்றன. மும்பையில் நான் சின்ன வயதில் ஆடிய டோர்னமென்டுகளின் கிராஸ் டேபிள் (யார் யாரோடு ஆடி என்ன முடிவு என்ற அட்டவணை), சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி சுவரில் ஒட்டியதாக இருக்கும். பரிசளிப்பு முடிந்த ராத்திரி ஹாலைக் காலி செய்யும்போது அதைக் கிழித்துச் சுருட்டிப் போட்டுவிடுவார்கள். ஸ்கோர் ஷீட்டுகளுக்கும் அதே கதிதான். நானே ஆர்பிட்டராக ஆன முதல் சில வருடங்களில் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்கிறேன். இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எத்தனை சங்கிலிகளின் சாட்சி அப்படிப் போனதோ. அதனால் அந்தப் பெரியவர் பெயர் டேட்டாபேஸில் ஆரோனுக்கு எதிராக வரவில்லை என்பதை மட்டும் வைத்து அவர் சொன்னதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரோன் பல ஆண்டுகள் தேசியப் போட்டிகளிலும் ஊர் ஊராக நடந்த ஓபன்களிலும் ஆடியவர். அவரோடு ஆடிய ஒருவர் மாட்டுங்காவில் இருப்பது நடக்கக்கூடியதே. சிறுவன் ஆனந்த், மெட்ராஸ் கோல்ட்ஸ் அணிக்காக இதே பம்பாயில் நடந்த தேசிய அணிப் போட்டியில்தான் ஆரோனை ஜெயித்தார். அந்த வழியில் ஆனந்துக்கு எண் 5, அதாவது அந்தப் பெரியவருக்கும் ஆனந்துக்கும் ஒரே எண்.

படி குறைவு என்றால் காலமும் நெருக்கம் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. 1848 முதல் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற பாரிஸ்டரோடு மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். நம் பழைய முறைப்படி சிப்பாயை முதல் நகர்வில் ஒரு கட்டம் மட்டுமே தள்ளிப் பழகிய கை அவருடையது. கோட்டை கட்டுவது போல மெதுவாகச் சிப்பாய்களை நகர்த்தி, பிஷப்பை ஓரத்தில் வைத்து அவர் ஆடிய அமைப்புகளால்தான் இன்று “இந்தியன் டிஃபென்ஸ்” என்ற பெயரே நிற்கிறது. அந்த காக்ரேன் 1840களின் தொடக்கத்தில் லண்டனில் ஸ்டாண்டன் என்ற ஆங்கிலேயரோடு ஆடியவர். ஸ்டாண்டன் 1851 லண்டன் டோர்னமென்டில் ஆண்டர்சனிடம் தோற்றவர். ஆண்டர்சன் 1858 டிசம்பரில் பாரிஸில் மார்ஃபியிடம் 7-2 என்று தோற்றவர். ஆக மகேஷ் சந்திரருக்கு எண் 4. மார்ஃபி வாழ்ந்த அதே காலத்தில் வாழ்ந்தவருக்கும், நூறு வருடம் கழித்து லைப்சிக்கில் ஆடிய ஆரோனுக்கும் ஒரே எண். இவர்களுக்கு நடுவில், 1930 முடிந்து 1931 பிறந்த ஹேஸ்டிங்ஸ் டோர்னமென்டில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவை ஜெயித்த மிர் சுல்தான் கானுக்கும், கபபிளாங்கா லாஸ்கரோடு ஆடியவர் என்ற வழியில், 4தான் வருகிறது.

அப்புறம், அர்த்தம் உண்டா என்று கேட்டீர்கள். சங்கீதத்தில் நாம் சொல்லும் குரு பரம்பரை போல இதை நினைக்கக்கூடாது. பவுல்சன் டாரஷுக்குப் பாடம் எடுக்கவில்லை. யூவே ஆரோனுக்குக் குரு இல்லை. செஸ்ஸில் குரு வழி தனியாக இருக்கிறது. 1972இல் மெட்ராஸ் சோவியத் கலாச்சார மையத்தில் ஆரோன் தொடங்கிய தால் செஸ் கிளப், அங்கே பிளிட்ஸ் ஆடி வளர்ந்த ஆனந்த், ஆனந்திடம் வழிகாட்டுதல் பெறும் குகேஷும் பிரக்ஞானந்தாவும் என்று அது ஒரு தெளிவான கொடிவழி. அதை மார்ஃபி எண்ணோடு குழப்ப வேண்டாம். எதிரே உட்கார்ந்து ஆடியதால் மட்டும் வித்தை கைமாறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் எதுவுமே கைமாறுவதில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது, காரணம் நான் கண்ணால் பார்த்தது. சில வருடங்களுக்கு முன்னால் புறநகரில் ஒரு பள்ளி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை ஓபன். கடைசி ரவுண்டில் எட்டாம் டேபிளில் ஒரு தாத்தாவும் ஒரு பையனும். பையனுக்குக் கால் தரையைத் தொடவில்லை. நாற்காலியில் முட்டி போட்டு நின்று ஆடினான். தாத்தாவுக்குக் கை நடுக்கம். காயை எடுக்கும் முன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பையனிடம் ஒரு ரூக் (யானை), ஒரு சிப்பாய். சிப்பாய் ராணியாக இன்னும் ஒரே கட்டம். ராஜா அதற்கு முன்னால் கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. தாத்தாவிடம் ரூக் மட்டும். ஜெயிக்க வேண்டிய ஆட்டம்தான், ஆனால் பையன் ராஜாவை வெளியே கொண்டுவருவதும் செக் வாங்கித் திரும்பிப் போவதுமாகச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் டிரா என்று கை கொடுத்தார்கள். ரிசல்ட் எழுதி வாங்கிக்கொண்டு நான் நகர்ந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் சின்ன மேக்னெட் போர்டு. தாத்தா அதே நிலையை வைத்து, பையனின் ரூக்கை எடுத்து நாலாவது வரிசையில் வைத்தார். “இப்ப ராஜாவை வெளிய எடு. நான் செக் கொடுப்பேன். கொடுத்துக்கிட்டே இருப்பேன். கடைசியில குறுக்க இந்த ரூக்கைப் போடு. பாலம்.” பையன் நகர்த்திப் பார்த்தான். ஒரு செக், இரண்டு செக், மூன்று செக், நாலாவது செக்குக்கு ரூக் குறுக்கே வந்து நின்றது. பையன் போர்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து வைக்கச் சொன்னான். பரிசளிப்புக்கு மைக்கில் பெயர் கூப்பிட்டது இருவருக்குமே காதில் விழவில்லை. அந்த நிலை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, யூடியூபிலும் இருக்கிறது. இருந்தும் ஜெயிக்க வேண்டியதை டிரா செய்துவிட்டு வந்த அந்தப் பத்தாவது நிமிடத்தில், யாருக்கு எதிராகத் தவறவிட்டானோ அவரே காட்டிக்கொடுத்ததைப் பையன் மறக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் ஓபன்களில் பெரியவர்கள் குறைந்துகொண்டே வருவது என்னை உறுத்துகிறது. ரேட்டிங் குறைவாகக் காட்டும் ஒரு குழந்தையிடம் தோற்றால் புள்ளிகள் நிறையப் போகும், ஏசி இல்லாத ஹாலில் இரண்டு நாள் உட்கார முடியாது, லோக்கல் ரயிலில் கூட்டத்தில் ஏற முடியாது. எல்லாம் நியாயமான காரணங்கள். வயதுப் பிரிவு வைத்துக் குழந்தைகளைக் குழந்தைகளோடு மட்டுமே ஆடவிடும் போட்டிகளும் பெருகிவிட்டன. உங்கள் மகளுக்கு வயதுப் பிரிவுப் போட்டிகளோடு வருடத்துக்கு இரண்டு மூன்று ஓபனாவது ஆட வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, அவளுடைய 6ஐ உறுதி செய்துகொள்ள ஒரு வழி. அந்தப் பெரியவரை அடுத்த டோர்னமென்டில் பார்த்தால், ஆரோனோடு ஆடியது எந்த வருடம், எந்த ஊர், சைமலா அல்லது டோர்னமென்ட் ரவுண்டா, வெள்ளையா கறுப்பா என்று மெதுவாக விசாரியுங்கள். சைமல் என்றால் எண் மாறாது, நட்சத்திரக் குறி மட்டும் சேரும். முக்கியமாக, ஸ்கோர் ஷீட்டோ நோட்டோ வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் பலர் நீளமான கணக்கு நோட்டில் தங்கள் ஆட்டங்களைப் பிரதி எடுத்து வைத்திருப்பார்கள். அதில் முதல் நகர்வு இப்போது நாம் எழுதுவது போல இ4 என்று இருக்காது. பி-கே4 என்று பழைய முறையில் இருக்கும். ஒவ்வொருவரும் அவரவர் பக்கத்திலிருந்து கட்டங்களை எண்ணும் முறை அது, அதனால் இன்றைய குழந்தைகளுக்குப் படிக்க வராது. கிடைத்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். முழு ஆட்டத்தையும் புதிய முறையில் எழுதித் தருகிறேன், உங்கள் மகள் போர்டில் வைத்து ஆடிப் பார்க்கட்டும்.